பட்ஜெட் பேண்டு நாலு: எதைக் கட்டலாம், எதை விடலாம்?

கம்மி விலையில ஃபிட்னஸ் பேண்டு எது நல்லதுன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், உங்ககிட்ட இருக்குறது என்ன போன்? ஏன்னா சாம்சங் கேலக்ஸி ஃபிட் 3 ஐபோனோட சேரவே சேராது, ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். அது தெரியாம கிஃப்டா வாங்கிக் குடுத்துட்டு முழிச்சவங்கள நானே பாத்திருக்கேன்.

நான் இங்க எடுத்துக்கிட்டது நாலு: ஷியோமி ஸ்மார்ட் பேண்ட் 9, கேலக்ஸி ஃபிட் 3, ஹுவாவே பேண்ட் 9, ஃபிட்பிட் இன்ஸ்பயர் 3. பெட்டி மேல இருக்குற லிஸ்ட்ட படிச்சா நாலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரிதான் இருக்கும். ஆமோலெட் டிஸ்ப்ளே (கலர் பளிச்சுன்னு தெரியுற ஸ்க்ரீன்), ஹார்ட் ரேட், தூக்கம், ரத்த ஆக்ஸிஜன், 50 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ஸ், எல்லாம் நாலுலயும் உண்டு. சொந்த ஜிபிஎஸ் நாலுலயும் கிடையாது, ஓடுற ரூட்டு மேப்ல வேணும்னா போனையும் தூக்கிட்டுதான் ஓடணும். அப்புறம் அந்த 50 மீட்டருங்கிறது அவ்வளவு ஆழம் முங்கலாம்னு அர்த்தம் இல்ல, நீச்சல் குளம் ஓகே, வெந்நீர்க் குளியலுக்கு கழட்டி வச்சிடுங்க.

சரி, வித்தியாசம் எங்கன்னா பேட்டரி. ஷியோமி 21 நாள்ங்கிறாங்க, ஹுவாவே 14, சாம்சங் 13, ஃபிட்பிட் 10. இதெல்லாம் கம்பெனி சொல்ற கணக்கு, ஸ்க்ரீன் எப்பவும் எரியுற மாதிரி வச்சா ஷியோமியோட 21 நாளே 9 நாளுக்கு இறங்கிடும்னு அவங்களே சொல்றாங்க, மத்ததும் அப்படித்தான் கரையும். பேட்டரிக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கிறேன்னா, சார்ஜுக்கு கழட்டி வச்ச பேண்டு திரும்ப கைக்கு ஏறாம மேஜையிலயே கிடக்கிறதுதான் வழக்கம், எனக்கு ஒண்ணு அப்படி ரெண்டு மாசம் கிடந்துச்சு. போதாததுக்கு சார்ஜரும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது, டிராயர்ல மூணு கிடக்கு, எது எதுக்குன்னு எனக்கே தெரியல.

அடுத்து ஆப், என்னைக் கேட்டா பாதி முடிவு இங்கதான். ஃபிட்பிட் ஆப் பாக்க தெளிவா இருக்கும், தூக்கத்தப் பத்தி அது காட்டுற விதம் எனக்கு ரொம்ப பிடிக்கும், ஆனா சில அலசல்கள் மாச சந்தாவுக்குப் பின்னாடி பூட்டி இருக்கு, கம்மி விலைன்னு வாங்கிட்டு மாசா மாசம் கட்டுறதா? கம்பெனிய 2021ல கூகுள் வாங்கினதால இப்ப புதுசா சேர்றவங்களுக்கு கூகுள் அக்கவுண்ட் வேணும். ஹுவாவே பேண்டு எடை 14 கிராம்தான், கையில இருக்குறதே தெரியாது, ஆனா ஆண்ட்ராய்டுல அதோட புது ஆப்ப ப்ளே ஸ்டோருக்கு வெளியில இருந்து டவுன்லோட் பண்ணி போடணும், அதுக்கு பயப்படுறவங்களுக்கு இது வேண்டாம். ஷியோமி ஆப் சுமார்தான், வேலைய முடிக்கும், ரெண்டு வகை போனுலயும் ஓடும்.

துல்லியம் பத்தி நாலுக்கும் சேத்தே சொல்லிடுறேன். ஸ்டெப்ஸ் எண்றது கை ஆட்டத்த வச்சுதான், குழந்தை வண்டிய தள்ளிட்டு அரை மணி நேரம் நடந்தா கை கம்பியப் புடிச்சு அசையாம இருக்கும், பேண்டும் நீங்க உக்காந்திருக்கீங்கன்னு நெனச்சுக்கும். நான் அதைக் கழட்டி கால்சட்டை பாக்கெட்ல போட்டுட்டு நடந்தேன், எண்ண ஆரம்பிச்சிடுச்சு. ஹார்ட் ரேட்டுக்கு அடியில பச்சை லைட் அடிச்சு, ரத்தம் எவ்வளவு வெளிச்சத்த உறிஞ்சுதுன்னு பாக்குது, அதனால ஸ்ட்ராப் லூசா இருந்தாலோ மணிக்கட்டுல டாட்டூ இருந்தாலோ குழம்பிடும், ஓடும்போது சில நேரம் கால் போடுற தாளத்தையே இதயத் துடிப்புன்னு எடுத்துக்கும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல கொஞ்சம் இறுக்கிக் கட்டினா நிறைய சரியாகும்.

கலோரி நம்பர மட்டும் நம்பாதீங்க. 2017ல ஸ்டான்ஃபோர்டுல 7 டிவைஸ வச்சு பாத்தாங்க, 6 டிவைஸ் ஹார்ட் ரேட்ட 5 சதவீத வித்தியாசத்துக்குள்ள காட்டுச்சு, கலோரியில இருக்குறதுலயே நல்ல டிவைஸே 27 சதவீதம் தப்பு, மோசமானது 93. அது பழைய டிவைஸ்தான், ஆனாலும் பேண்டு 400 கலோரி எரிஞ்சுதுன்னு சொல்லிடுச்சுன்னு கூட ஒரு தட்டு சாப்பிடுற ஆளா நீங்க இருந்தா யோசிச்சுக்கோங்க. அந்த 10,000 ஸ்டெப்ஸும் ஒண்ணும் வேதவாக்கு இல்ல, 1965ல ஜப்பான்ல ஸ்டெப்ஸ் எண்ற ஒரு கருவிய (பெடோமீட்டர்) விக்கிறதுக்காக அதுக்கு வச்ச பேருல இருந்து வந்தது.

என் கணக்கு இதுதான்: மொதல் பேண்டு, அடிக்கடி சார்ஜ் போட சோம்பேறித்தனம்னா ஷியோமி. தூக்கம்தான் முக்கியம், சந்தா இல்லாம கிடைக்கிறதே போதும்னா ஃபிட்பிட். ராத்திரி கையில எது இருந்தாலும் உறுத்துதுன்னா ஹுவாவே.

வயசானவங்களுக்குன்னா, ஆண்ட்ராய்டு போன் இருந்தா, யோசிக்காம ஃபிட் 3. விழுந்தா கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, பக்கவாட்டு பட்டன அஞ்சு தடவை அமுக்கினா நாம குடுத்து வச்ச நம்பருக்கு அவசர மெசேஜ் போகும், போன் பக்கத்துல கனெக்ட் ஆகி இருக்கணும் அவ்வளவுதான். அம்மாவுக்கு கட்டிவிட்டு அஞ்சு தடவை அமுக்கிப் பாருங்கம்மான்னேன். நான் பக்கத்து ரூம்ல இருக்கும்போதே மெசேஜ் வந்துச்சு, போய் பாத்தா “எண்றதுல ஒண்ணு தப்பிடுச்சோன்னு இன்னொரு தடவையும் அமுக்கிட்டேன்டா”ன்னு நிக்கிறாங்க.