இணைப்புப் பகுதிகளில் தெருப்பெயரும் கதவு எண்ணும்: சென்னை மாநகராட்சியின் முகவரிச் சேவை எப்படி?

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் ஒரே நாளில் ஒரே நகரமாயின. வார்டுகள் 155லிருந்து 200 ஆயின, மண்டலங்கள் 10லிருந்து 15 ஆயின. அதுவரை 42 அலுவலகங்கள் தனித்தனியே பெயர் வைத்து, தனித்தனியே எண் போட்ட தெருக்கள் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்து சேர்ந்தன. சாலை, வடிகால், குப்பை பற்றிப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது முகவரி ஒன்றை மட்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர்ப்பலகை பரவாயில்லை. எண் வரிசை அரைகுறை. பெயரோ எண்ணோ மாறியதை மற்ற துறைகளுக்குத் தெரிவிக்கும் வேலை முழுக்க வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது. இந்தச் சேவையின் உண்மையான ஓட்டை அந்த மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் இரண்டு அடுக்கில் வருகிறது. ஒவ்வொரு உள்ளாட்சியும் தனக்கென்று ஒரு காந்தி தெரு, அண்ணா தெரு, காமராஜர் தெரு, பிள்ளையார் கோயில் தெரு வைத்துக்கொண்டது முதல் அடுக்கு. தனித்தனி ஊராக இருந்தவரை இதில் தப்பே இல்லை. இரண்டாவது அடுக்கு, மனைப்பிரிவு போட்டவர்கள் வைத்த பெயர். மனைப்பிரிவு வரைபடத்தில் '30 அடி சாலை', '24 அடி சாலை' என்றுதான் இருக்கும். விற்கும்போது அது ஏதோ ஒரு நகரின் '2வது பிரதான சாலை' ஆகிறது. பக்கத்து நிலத்தை வாங்கியவர் அதே சாலையை நீட்டி, அதற்கு வேறு நகரின் பெயரைச் சூட்டுகிறார். கடைசியில் நேராகப் போகும் ஒரே சாலைக்கு மூன்று பெயர். 'தெற்கு', 'விரிவு', 'குறுக்கு' இவற்றில் ஒரு சொல்லை விட்டுவிட்டால் கூரியர்காரர் அரை கிலோமீட்டர் தள்ளிப்போய் நிற்பார்.

இதைத் தீர்க்க எல்லாப் பெயரையும் மாற்றத் தேவையில்லை, மாற்றவும் கூடாது. சோதிக்கும் வழி எளிது. ஒரே பெயருள்ள இரண்டு தெருக்கள் வெவ்வேறு அஞ்சல் குறியீட்டில் இருந்தால் தொடவே வேண்டாம். பகுதிப் பெயரை முன்னால் சேர்த்து எழுதினால் போதும். ஒரே குறியீட்டுக்குள் இரண்டும் இருந்தால்தான் ஒன்றை மாற்ற வேண்டும். 600 091 நல்ல உதாரணம். ஊராட்சியாக இருந்த மடிப்பாக்கமும், நகராட்சியாக இருந்த உள்ளகரம் புழுதிவாக்கமும் அந்த ஒரே எண்ணின் கீழ் வருகின்றன. இப்படிப்பட்ட இடங்களில்தான் மாற்றத்துக்கு உண்மையான தேவை இருக்கிறது. தலைவர் பெயர் வைக்கும் ஆர்வம் இங்கே கொஞ்சம் அடங்கியிருந்தால் நல்லது. நான்காவது காமராஜர் தெரு யாருக்கும் வழிகாட்டாது.

சாதிப் பெயர் நீக்கம் வேறு கணக்கு. 2025 அக்டோபரில் தமிழக அரசு அதற்கென்று அரசாணை வெளியிட்டது. கொள்கையளவில் செய்ய வேண்டியதுதான். நடைமுறையில், பின்னொட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதிப் பெயரை அப்படியே வைத்தால் குழப்பம் குறைவு. ஆனால் கணினிக்கு அதுவும் வேறு தெருதான். எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் தேடலில் வராது.

மாநகராட்சியின் கையில் இல்லாத பெயர்களும் உண்டு. கொட்டிவாக்கம் முதல் உத்தண்டி வரை இணைப்புப் பகுதிகளை ஊடுருவிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு, மாமல்லபுரம் வரை, 2022இல் 'முத்தமிழ் அறிஞர் கலைஞர் கருணாநிதி சாலை' என்று பெயர் வந்தது. அது நெடுஞ்சாலைத் துறையின் சாலை. பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலையாகிப் பல ஆண்டு ஆகிவிட்டது; ஆட்டோக்காரரிடம் ஓ.எம்.ஆர். என்று சொன்னால்தான் வண்டி நகரும். இந்த இரண்டு சாலைகளிலும் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு பெயரையும் அச்சிடுவதே நல்லது. நீளப் பெயரைப் பாதியில் வெட்டிவிடும் ஆன்லைன் படிவங்கள் உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி எண்கள். சிக்கல் அதிகம் இங்கேதான். ஊராட்சிக் காலத்துக் கதவு எண் பெரும்பாலும் இடத்தைக் காட்டாது, வரிப் பதிவேட்டின் வரிசையைத்தான் காட்டும். 3/114 என்றால் மூன்றாம் வார்டில் 114ஆவதாக வரி விதிக்கப்பட்ட வீடு. பத்து ஆண்டு கழித்து அதன் பக்கத்து மனையில் கட்டிய வீடு 3/412 ஆகிவிடும். வேறு சில தெருக்களில் மனை எண்ணே கதவு எண்ணாகிவிட்டது. வரைபடத்தில் மனை எண்கள் ஒரு வரிசையில் போய், திரும்பி, முதுகோடு முதுகாக அடுத்த தெருவுக்குத் தாவும். அதனால் ஒரு தெருவில் 41 முதல் 52 வரை ஒரு பக்கம், 88 முதல் 77 வரை எதிர்ப்பக்கம் என்று இருக்கும். இதற்கு மேல் ஒரு மனை இரண்டாகப் பிரிந்தால் 14ஏ, 14/1, 14/2 என்று வால் முளைக்கிறது.

புது எண் போடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது, எண் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. ஒரு பக்கம் ஏறிப்போய் மறுபக்கம் இறங்கி வருவது ஒரு முறை: 1ஆம் எண்ணுக்கு எதிரே கடைசி எண் இருக்கும். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை என்பது இன்னொரு முறை. இருபுறமும் கட்டி முடித்து மூடிய பழைய தெருவுக்கு ஏறி இறங்கும் முறை ஒத்துவரும். இன்னும் நீண்டுகொண்டிருக்கும் இணைப்புப் பகுதித் தெருவுக்கு அது ஆகவே ஆகாது. தெருக்கோடியில் நான்கு வீடு கூடினால் திரும்பி வரும் பக்கத்து எண்கள் மொத்தமும் கலைந்துவிடும். ஒற்றை, இரட்டை முறையில் தெரு எவ்வளவு நீண்டாலும் முன்னால் போட்ட எண் அசையாது. தொடக்கப் புள்ளி, பெரிய சாலையில் போய்ச் சேரும் முனையாக இருக்க வேண்டும். முட்டுச்சந்தின் அடியிலிருந்து எண்ணத் தொடங்கினால் அடுத்த மனைப்பிரிவு வந்ததும் வம்பு.

அடுத்தது காலி மனை. வீடுகளை மட்டும் எண்ணிக்கொண்டு போனால், நடுவில் புதிதாக ஒரு வீடு எழும்பும்போது மறுபடியும் 14ஏ தான். காலி மனைக்கும் மாநகராட்சி வரி வசூலிக்கிறது, ஆகவே மனைப் பட்டியல் கையில் இருக்க வேண்டிய ஒன்று; எல்லா மனைக்கும் எண் ஒதுக்கிவிடலாம். இன்னும் உறுதியான வழி, முகப்பு அளவைக் கணக்கில் கொள்வது. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. பெரும்பாலும் 40 அடி முகப்பு, 60 அடி ஆழம். அது பாதியாகப் பிரிந்தால் 20 அடி. ஆகவே ஒவ்வொரு 20 அடிக்கும் ஓர் எண் ஒதுக்கினால், 600 அடி நீளத் தெருவில் பக்கத்துக்கு 30 எண் வரும். ஒரு பக்கம் 59இலும் மறுபக்கம் 60இலும் முடியும். பிரியாத மனையில் முதல் வீடு 1, அடுத்த வீடு 5, அதற்கடுத்து 9. '3 எங்கே போச்சு?' என்று கேட்பார்கள். மனை பிரியும் நாளில் அந்த 3 தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து கிராமப்புறங்களில் இதே தத்துவம்தான்: சாலைத் தொடக்கத்திலிருந்து 1,530 மீட்டரில் வாசல் இருந்தால் எண் 153. நம் தெருக்களுக்கு மீட்டர் கணக்கு வேண்டாம், அடிக்கணக்கே போதும்.

மூலை மனைக்கு எந்தத் தெரு எண் என்று சண்டை வரும். தலைவாசல் திறக்கும் தெருவின் எண் என்பதே சரி. வாஸ்து பார்த்து வாசலை இடம் மாற்றினால் முகவரியும் மாறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுக்குமாடி என்றால் கட்டடத்துக்கு ஒரே கதவு எண், உள்ளே ஜி1, எஃப்1, எஸ்1, டி1 (தரைத்தளம், முதல், இரண்டாம், மூன்றாம் மாடி என்பவற்றின் ஆங்கில முதலெழுத்து). மூன்று மாடி வரை இது ஓடியது. நான்காவது மாடிக்கும் எஃப் தான் என்பதால் முதல் மாடிக்காரரின் பார்சல் அங்கே போய்விடுகிறது. புதுக் கட்டடங்களில் 101, 201, 401 என்று மாடியை முதல் இலக்கமாக வைப்பதே மேல். விற்பனைப் பத்திரம் எழுதும் முன்பே கட்டுநரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பத்திரத்தில் ஏறிய பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பலகைகளைப் பொறுத்தவரை, மேலே தமிழ், கீழே ஆங்கிலம், கூடவே மண்டலம், வார்டு, அஞ்சல் குறியீடு என்று போடும் வழக்கம் நல்ல வழக்கம், வார்டு எண்ணைத் தவிர. 2011க்குப் பிறகு 2018இலும் வார்டு எல்லைகள் திருத்தப்பட்டன. 2022 தேர்தல் புது எல்லைப்படி நடந்தது. பலகை அப்படியே நின்றால் பழைய வார்டைத்தான் காட்டும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போடுவதால் கம்பம் குட்டையாகிப்போவதும், வடிகால் தோண்டும்போது பிடுங்கிய பலகை திரும்ப நடப்படாமல் கிடப்பதும் தனிக் கதை. தெருவின் இரண்டு முனையிலும் பலகை வேண்டும். ஒரு முனையில் மட்டும் இருந்தால் அது பாதிப் பலகைதான்.

பதிவேடுகளுக்கு வருவோம். தெருப்பெயரோ எண்ணோ மாறினால் ஒழுங்கு முறை இது: முதலில் சொத்து வரி. சென்னையில் மண்டலம், வார்டு, பில் எண், துணை எண் என்று சேர்ந்து வருவதுதான் சொத்து வரி அடையாளம். அதில் முகவரியைத் திருத்த, மண்டல அலுவலக வருவாய்ப் பிரிவில் பத்திர நகல், கடைசி வரி ரசீது, அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். வரி ரசீது திருந்திய பிறகு குடிநீர் வாரியம், மின் இணைப்பு, கேஸ், குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8, ஆதார், கடைசியாக வங்கி. வரிசையை மாற்றி ஆதாரில் தொடங்கினால் சான்றாகக் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் 15 நாளுக்குள் திருத்த விண்ணப்பம் போட வேண்டும்.

பழைய எண்ணில் வந்த கடைசி வரி ரசீதையும் புது எண்ணில் வந்த முதல் ரசீதையும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பில் எண் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒரே சொத்து என்பதற்கு அதைவிடச் சுலபமான ஆதாரம் இல்லை. வீட்டுக்கடனுக்கு வரும் மதிப்பீட்டாளர் பத்திரம், வரி ரசீது, மின் கட்டண ரசீது மூன்றையும் ஒப்பிடுவார். மூன்றிலும் மூன்று எண் இருந்தால் கோப்பு நின்றுவிடும். பாஸ்போர்ட் விசாரணையிலும் இதே கதைதான்.

பத்திரப் பதிவில் புது எண்ணை மட்டும் எழுதாதீர்கள். புது எண், பழைய எண், மனை எண், வருவாய் கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு, நான்கெல்லை எல்லாம் சொத்து விவரத்தில் இருக்கட்டும். பட்டாவில் கதவு எண்ணே கிடையாது, புல எண்தான் பேசும். பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பைத் தெருப்பெயர் வழியாகவும் பார்க்கலாம், புல எண் வழியாகவும் பார்க்கலாம். தெருப்பெயர் மாறியிருந்தால் இரண்டு வழியிலும் பார்த்து, மதிப்பு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். மாவட்டமும் இதில் ஒரு கண்ணி. மடிப்பாக்கம் போன்றவை காஞ்சிபுரம் மாவட்டத்திலும், போரூர், அம்பத்தூர், திருவொற்றியூர் போன்றவை திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்தன. மாநகராட்சியில் சேர்ந்தது 2011இல், சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது 2018இல். இடைப்பட்ட ஆண்டுகளின் ஆவணத்தில் 'சென்னை மாநகராட்சி, காஞ்சிபுரம் மாவட்டம்' என்று இருந்தால் அது பிழையல்ல.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு பொருள், தெருவாரியாகப் பழைய பெயர், புதுப் பெயர், பழைய எண், புது எண், பில் எண் கொண்ட ஒப்பீட்டுப் பட்டியல். அதை அஞ்சல் துறை, மின்வாரியம், பதிவுத்துறை, 108 சேவை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அனுப்பினால் மேலே சொன்ன அலைச்சலில் பெரும்பகுதி இல்லாமல் போகும். 2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து உருவான தாம்பரம் மாநகராட்சிக்கும் இதே பட்டியல் தேவைப்படும்.

அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் இதற்கெல்லாம் மாற்றா என்று கேட்பவர்களுக்கு: நாட்டையே ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 எழுத்துக் குறியீடு தருகிறது. தெருப்பெயர் மாறினாலும் அது மாறாது. ஆனால் தரைத்தளத்துக்கும் நான்காம் மாடிக்கும் ஒரே குறியீடுதான் வரும், சட்டப்படியான முகவரிக்கு அது ஈடாகாது. குறியீட்டை எடுக்கும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து எடுக்காமல், வெளிக்கேட்டில் திறந்த வானத்தின் கீழ் நின்று எடுங்கள், கூரைக்கடியில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டிவிட்டால் பக்கத்து வீட்டுக் குறியீடுதான் கிடைக்கும்.