பதினான்கு மாத ஊசியும் முட்டை ஏப்பமும்

கூட வேலை செய்யும் தம்பி ஒருவன், "அண்ணே, நீங்க வாரா வாரம் வயித்துல குத்திக்கிறீங்களே, அந்த ஊசியை நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் அடங்குகிற பதில் இல்லை, அதனால் இங்கே.

ஊசியின் பெயர் செமாக்ளூடைட், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் மருந்து. 0.25 மில்லிகிராமில் தொடங்கி படிப்படியாக 2.4 வரை ஏற்றுவார்கள். நேராக ஏப்பத்துக்கு வருகிறேன். விருந்து சாப்பிட்ட திருப்தியில் வருமே, அந்த ஏப்பம் இல்லை. அழுகிய முட்டை. இரைப்பை காலியாவதை மருந்து மெதுவாக்குகிறது, நேற்று ராத்திரி சாப்பிட்ட மீன்குழம்பு காலையிலும் உள்ளேயே குடியிருக்கிறது, அப்புறம் எந்த நேரத்தில் வெளியே எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. பினாங்கு கொடிமலை ரயிலில், பள்ளி விடுமுறை நெரிசலில், மச்சான் குடும்பம் மொத்தமும் சுற்றி நிற்கும்போது வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் மகள் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். கொஞ்சமாகச் சாப்பிடு, எண்ணெயைக் குறை, ராத்திரி சீக்கிரம் முடித்துவிடு என்றார் டாக்டர். செய்தேன், பாதி குறைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். எனக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், கிடையாது. இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவன், ஈரலில் கொழுப்பு வேறு. 2023-ல் வந்த ஆய்வில் என்னைப்போல இனிப்புநீர் இல்லாத, உடல் பருத்த இதய நோயாளிகள் 17,604 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்த்து, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு, மருந்து போட்டவர்களில் ஆறரைப் பேருக்கு. கொழுப்பால் வந்த ஈரல் அழற்சியோடு ஓரளவு தழும்பும் விழுந்தவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்க அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் அனுமதி கொடுத்தார்கள். என் எடை 94 கிலோவிலிருந்து 81. ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் அளவு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளை நடுவில் உட்காராமல் ஏறினேன். இதையெல்லாம்விட, முன்பு ராத்திரி பதினொரு மணியானால் மண்டைக்குள் நாசி கண்டார் சோற்றுக் கடை திறந்துவிடும், குழம்பு பாஞ்சிராக, வெள்ளமாக ஊற்றிய சோறு கண்முன் நிற்கும். மூன்றாவது மாதம் அந்தக் கடை சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. நாற்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை.

அப்படியிருந்தும் உனக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். போன வாரம் கேட்டிருந்தால் ஒருவேளை போடு என்றிருப்பேன், ஆனால் நேற்று மீட்டிங்கில் மறுபடி வந்தது, முதலாளி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். அது போகட்டும். நிறுத்தினால் எடை திரும்பும். இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் ஏறிவிட்டதாக ஓர் ஆய்வு சொல்கிறது. ஆக, மாதா மாதம் காருக்குத் தவணை கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏப்பத்தோடு சேர்த்து. எனக்கு வேறு வழி இல்லை. உனக்கு இருப்பது அண்ணன் கல்யாணத்துக்குள் குறைக்க நினைக்கும் தொப்பை மட்டும்தான்.

கேட்க மாட்டாய் என்று தெரியும். உன் அம்மாவுக்குத் தைராய்டில் கட்டி எடுத்ததாக ஒருமுறை சொன்னாயே, அது மெடுல்லரி என்ற வகைத் தைராய்டு புற்றுநோயா என்று வீட்டில் விசாரி. ஆமாம் என்றால் இந்த ஊசியே உனக்கு ஆகாது. விசாரித்துவிட்டு டாக்டரிடம் போ.