அச்சு வேலைக்கு அலுவலக சர்வரா, கிளவுடா? வடிவமைப்புக் கோப்புகளுக்கு எது நம்பகமான இடம்?

வடிவமைப்புக் கோப்புகளை எங்கே வைத்துப் பகிர்ந்துகொள்வது என்று கேட்கும் சிறு அலுவலகங்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் வேலை கடைசியில் தாளில் வருகிறதா, திரையில் வருகிறதா என்பதைத்தான். காலண்டர், அழைப்பிதழ், புத்தகம், ஃப்ளெக்ஸ் என்றால் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வர் அல்லது என்ஏஎஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் பகிரும் டிஸ்க் பெட்டி). செயலி, இணையதளம் என்றால் ஃபிக்மா போன்ற, இணையத்திலேயே இயங்கும் கிளவுட் மென்பொருள். இதில் எனக்குத் தயக்கம் கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் சொல்லப்படாத ஆபத்துகள் இருக்கின்றன.

அச்சுக் கோப்பின் எடை முதல் காரணம். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவம் 2 ஜிபி வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி வடிவத்துக்குப் போக வேண்டும். பல லேயர்கள் கொண்ட பெரிய பேனர்களில் அந்த எல்லை தூரத்தில் இல்லை. அலுவலகத்தில் கிகாபிட் கேபிள் இருந்தால் 2 ஜிபி கோப்பு 20 விநாடி அளவில் பக்கத்து மேசைக்குப் போய்விடும். அதையே 20 எம்பிபிஎஸ் வேகத்தில் இணையத்தில் ஏற்றினால் 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் பத்துத் திருத்தம் கேட்கும் வாடிக்கையாளர் வந்தால் இந்த வித்தியாசம் சம்பளக் கணக்கில் தெரியும்.

எடையைவிடப் பெரிய சிக்கல் தமிழ் எழுத்துரு. அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த கோப்புகள் புழங்குகின்றன. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடக்கும். அதனால்தான் அச்சகத்தார் “கர்வாக (curves) மாற்றி அனுப்புங்கள்” என்கிறார்கள். கர்வாக மாற்றிய பிறகு அது எழுத்து இல்லை, கோட்டுருவம். முகூர்த்த நேரம் 7.30 இல்லை, 9 மணி என்று பெண் வீட்டார் இரவில் கூப்பிட்டுச் சொன்னால் அந்தக் கோப்பில் தட்டச்சு செய்து திருத்த முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அதன் எழுத்துருவும் ஒரே கோப்புறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் உள்ள பேக்கேஜ் கட்டளை இணைப்புப் படங்களையும் எழுத்துருக்களையும் திரட்டி ஒரு கோப்புறையில் போட்டுவிடும். சர்வரில் வேலைக்கு ஒரு கோப்புறை என்று வைத்து இதைப் பழக்கமாக்கிய அலுவலகத்தில் பாதித் தலைவலி இல்லை.

ஃபிக்மாவில் எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து ஒழுங்காகத் தெரியும். ஆனால் திருத்தப் போனால் எழுத்துருவைக் கேட்கும். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன் போன்றவற்றில் வேலை செய்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. இருந்தாலும் ஃபிக்மா, திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) வண்ண உலகம். அச்சுக்கு வேண்டிய சிஎம்ஒய்கே வண்ணத்தில் அங்கே நேரடியாக வேலை செய்ய முடியாது.

திரை வேலையில் தராசு முழுக்க மறுபக்கம் சாய்கிறது. ஒரே கோப்பில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கை வைக்கலாம். வாடிக்கையாளர் குறிப்பிட்ட பொத்தான் மேலேயே கருத்து எழுதலாம். நிரலாளர் அளவுகளை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். சர்வர் கோப்புறையில் இதற்கு ஈடே கிடையாது. இன்டிசைன்கூட ஒருவர் திறந்த கோப்பைப் பூட்டுக் கோப்பு ஒன்றால் அடுத்தவருக்கு மூடத்தான் தெரியும். சேர்ந்து வேலை செய்ய விடாது.

ஆனால் அந்த வசதியின் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்கத் தடைகளைக் காரணமாகக் காட்டி 2022 மார்ச்சில் சீனாவின் ட்ரோன் தயாரிப்பாளரான டிஜேஐ நிறுவனத்தின் கணக்கை ஃபிக்மா நிறுத்தியது. 2019 அக்டோபரில் வெனிசுவேலாவின் எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக, ஃபோட்டோஷாப், இன்டிசைன் தயாரிக்கும் அடோபி அறிவித்து, பிறகு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்ததும் பின்வாங்கியது. அங்கிருந்த வடிவமைப்பாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒருகாலத்தில் திரை வடிவமைப்பாளர்கள் பரவலாகப் பயன்படுத்திய இன்விஷன் என்ற கிளவுட் மென்பொருள் 2024 முடிவில் சேவையையே மூடிவிட்டது. “ஃபிக்மா கோப்பைத்தான் இறக்கி வைத்திருக்கிறேனே” என்பவர்கள் கவனிக்க வேண்டும்: அந்தப் பிரதியில் கருத்துகளும் பழைய பதிப்புகளின் வரலாறும் வராது, அதை முழுமையாகத் திறக்க மறுபடியும் ஃபிக்மாவே வேண்டும். இந்தப் பிடி வேண்டாம் என்பவர்களுக்குச் சொந்த சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய பென்பாட் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது.

சர்வர்காரர்களும் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரலான வானாகிரை 2017 மே மாதம் பரவியபோது, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. 2022இல் அதே வகைத் தீநிரலான டெட்போல்ட், இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்ட க்யூநாப் நிறுவன என்ஏஎஸ் பெட்டிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிறகு மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தபோது, தரைத்தளத்தில் மேசைக்கடியில் வைத்த கணினிக்கு என்ன கதி? இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு ஏற்பாடும் இங்கே உதவாது. தவறி அழித்தாலும் இரண்டிலும் அழியும். பெட்டி மூழ்கினால் இரண்டும் மூழ்கும்.

கிளவுட் என்ற பெயரும் தானாகக் காப்பாற்றிவிடாது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையத்தில் பிடித்த தீயில், அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற கிளவுடின் 858 டெராபைட் தரவு அழிந்தது. வெளியே பிரதி இல்லை.

ஆகவே அச்சு அலுவலகத்துக்கு நான் சொல்லும் ஏற்பாடு: வேலை நடப்பது சர்வரில். முடிந்த வேலைகள் மட்டும் இரவில் கிளவுடுக்கு ஏறட்டும். நாள் முழுக்க எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். வாரம் ஒருமுறை பிரதி எடுத்த ஒரு ஹார்டு டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போகட்டும். மற்ற நேரத்தில் அது எந்தக் கணினியிலும் செருகப்பட்டிருக்கக் கூடாது. வாடிக்கையாளர் ஒப்புதலுக்குக் கிளவுட் இணைப்பையே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் ஆவணமாக அனுப்புங்கள்.

வேலை முடிந்ததும் இன்டிசைன் கோப்போடு ஐடிஎம்எல் வடிவத்திலும் ஒன்று சேமியுங்கள். இன்டிசைனின் பழைய சிஎஸ்4 தொடங்கி எல்லாப் பதிப்புகளிலும் அது திறக்கும். கூடவே அச்சுக்குப் போன பிடிஎஃப். ஃபிக்மா வேலைகளுக்கு எஸ்விஜி படக்கோப்பும் பிடிஎஃபும். இவற்றை எடுத்து வைக்க ஒரு வேலைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.