கேமுக்கும் பாட்டுக்கும் ஒரே சவுண்ட் கார்டா? நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்

ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு, கேம், யூடியூப் எதுவும் ஓட வேண்டாம். வால்யூமை முக்கால்வாசி ஏற்றிவிட்டு மவுஸை மட்டும் மெதுவாக நகர்த்துங்கள். நகர்த்தும்போதெல்லாம் காதுக்குள் வண்டு சுரண்டுகிற மாதிரி 'க்ர்ர்ர்' என்று கேட்கிறதா? பிரவுசரில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால் அது கூடிக் குறைகிறதா? அப்படியானால் சவுண்ட் கார்டு வாங்குவதற்கு முன்னால் ஒரு இரண்டு நிமிடம் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் குனிய வேண்டியிருக்கும். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதை எழுதக் காரணம் என் சித்தி மகன். கல்லூரி இரண்டாம் ஆண்டு. சாயங்காலம் இசைக் கீபோர்டு, ராத்திரி வேலரன்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம், நடுவில் எப்போதாவது பாடிப் பதிவு செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லோரையும் கருத்துச் சொல்ல வைப்பான். "அண்ணா, பத்தாயிரம் சேர்த்து வச்சிருக்கேன், நல்ல சவுண்ட் கார்டு ஒண்ணு சொல்லுங்க" என்று வந்து நின்றான். கையில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடை ஒன்றில் எழுதிக் கொடுத்த சீட்டு. அதில் உள்ளே சொருகுகிற கார்டு ஒன்றும், '7.1' (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒன்று என்ற கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஹெட்செட் ஒன்றும். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லிவிட்டு, அவனிடம் ஏற்கெனவே இருக்கிற மதர்போர்டு ஆடியோவிலிருந்து ஆரம்பித்து, உள்ளே சொருகுகிற கார்டு, யூஎஸ்பி டாங்கிள், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று நான்கையும் வரிசையாகப் பார்த்தோம்.

மதர்போர்டு ஆடியோ என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மைதான். இன்று விலை குறைந்த போர்டுகளில் வருகிற ரியல்டெக் ஏஎல்சி 897 சிப்புக்கே சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 97 டெசிபெல் அளவில் என்று போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் மேலே போனால் ஏஎல்சி 1220, அதற்கு 120. ஆடியோ சிடியின் 16 பிட்டுக்குள் அடங்குவதே கிட்டத்தட்ட 96 டெசிபெல்தான், ஆக சிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோளாறு பெரும்பாலும் சிப்புக்கு வெளியே இருக்கிறது. கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கிளம்பி, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் நுழைந்து, போர்டின் கீழ் மூலையில் உள்ள ஒன்பது பின் இணைப்பில் போய்ச் சேர்கிறது. நூறு இருநூறு வாட் இழுக்கிற கார்டை உரசிக்கொண்டு போகிற ஒயரில் இரைச்சல் ஏறாமல் என்ன செய்யும்? அந்த வண்டுச் சத்தம் அநேகமாக இந்த வழியில் வருவதுதான். ஹெட்போனைப் பிடுங்கிப் பின்பக்கப் பச்சை ஜாக்கில் சொருகினோம். முழுக்கப் போகவில்லை, ஆனால் வால்யூமை உச்சத்தில் வைத்தால்தான் கேட்டது. செலவு, ஒட்டடை துடைத்த துணி ஒன்று.

சரி, உள்ளே சொருகுகிற கார்டு. இதைப் பற்றிப் பேசினால் கொஞ்சம் பழங்கதை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியபோது பெரும்பாலான பிசிக்களில் இருந்தது 'பீப்' ஸ்பீக்கர்தான். 1998-ல் சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வந்தது, கூடவே ஈஏஎக்ஸ் என்ற ஒலி வித்தை. குகைக்குள் நடந்தால் எதிரொலி, கதவுக்கு அந்தப் பக்கம் சுட்டால் மங்கிய சத்தம், இதையெல்லாம் கார்டே கணக்குப் போட்டது. ப்ராசசருக்கு அந்தச் சுமை இல்லாததால் கேம் கொஞ்சம் வேகமாகவும் ஓடியது. "சவுண்ட் கார்டு போட்டால் எஃப்பிஎஸ் ஏறும்" என்று இன்றைக்கும் சில அண்ணன்மார் சொல்வது அந்தக் காலத்து நினைவு. 2007 ஜனவரியில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, கேம்கள் டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் மென்பொருள் வழியாக கார்டின் வன்பொருளைத் தொடுகிற பாதையையே அடைத்துவிட்டது. பழைய கேம்களுக்காக ஆல்கெமி என்று ஒரு மாற்று மென்பொருளைக் கிரியேட்டிவே விட வேண்டியிருந்தது. அதற்கப்புறம் வந்த கேம்கள் ஒலிக் கணக்கை ப்ராசசரிலேயே போட்டுக்கொள்கின்றன, இன்றைய ப்ராசசருக்கு அது கொசுக்கடி.

அப்படியானால் இன்று அந்தக் கார்டு எதற்கு? ஒன்று, 5.1 ஸ்பீக்கர் செட்டைத் தனித்தனி ஒயரில் மாட்ட வேண்டும், மதர்போர்டில் மூன்று ஜாக்கோடு நிறுத்திவிட்டார்கள், மைக்குக்கும் ஒரு ஜாக் மிச்சம் வேண்டும் என்கிறவர்களுக்கு. இன்னொன்று, முரட்டு ஹெட்போன், அதாவது ஓம் எண் அதிகமாகி ஓட்டுவதற்குக் கூடுதல் வோல்ட் கேட்கிற ரகம் வைத்திருப்பவர்களுக்கு. 2017-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-5 இந்த வகையில் நல்ல சாமான்: 122 டெசிபெல், 600 ஓம் ஹெட்போன் வரை தள்ளக்கூடிய தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்). பல நிறத்தில் விளக்கும் எரியும், காதுக்கு எதற்கு வெளிச்சம் என்று தெரியவில்லை. ஆசுஸின் சோனார் எஸ்இ விலையில் கீழே, 116 டெசிபெல், 300 ஓம் வரை. மலிவு என்று பலர் போய் விழுவது ஆடிஜி எஃப்எக்ஸ். அதற்கு அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது 106, அதாவது ஏஎல்சி 1220 இருக்கிற போர்டில் இதைச் சொருகினால் காகிதக் கணக்கில் ஒரு படி இறங்குகிறீர்கள்! காகிதக் கணக்கும் போர்டில் வந்து உட்காரும் தரமும் ஒன்றில்லைதான், ஆனாலும் காசு கொடுத்து வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். அப்புறம் இடம். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டரை, மூன்று ஸ்லாட் தடிமன். சின்ன போர்டில் சவுண்ட் கார்டுக்கான ஸ்லாட் அதன் வயிற்றுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. தம்பியின் கேபினெட்டைத் திறந்து பார்த்தோம், அதே கதை. கடைச் சீட்டின் முதல் வரி அங்கேயே அடிபட்டது.

டாங்கிள் விஷயத்தில் எனக்கே முதலில் நம்பிக்கை இல்லை. விரல் நீளம்கூட இல்லாத ஒரு துண்டு ஒயர், அதற்குள் டிஜிட்டலை அனலாக் ஆக்குகிற சிப்பும் குட்டி ஆம்பும். ஆப்பிள் விற்கிற யூஎஸ்பி-சி டு 3.5 மிமீ துண்டு இதில் பிரபலம், அளந்து பார்க்கிறவர்களும் அதன் விலைக்கு மீறிய தரம் என்றுதான் சொல்கிறார்கள். விண்டோஸில் டிரைவர் எதுவும் கேட்காது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இதில் இரண்டு ரகம் உண்டு. அமெரிக்காவில் விற்கிற ஏ2049 மாடல் சுமார் 1 வோல்ட் தரும், ஐரோப்பிய ரகம் அதில் பாதி. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம், 'ஆம்ப் இல்லாமல் கேட்கவே முடியாது' என்று பேர் வாங்கின ஹெட்போன். 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபெல் சத்தம் என்று அதன் தகவல் தாளில் இருக்கிறது. 1 வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி 250-ஆல் வகுத்தால் 4 மில்லிவாட், அதனால் 6 டெசிபெல் கூடுகிறது, மொத்தம் 102. பாதி வோல்ட் தருகிற ரகத்தில் அதே ஹெட்போன் 96-ல் நிற்கும். இதற்கு மேல் தினமும் கேட்பவருக்கு ஆம்பைவிட காது டாக்டர்தான் அவசரம். சாதாரண 32 ஓம் கேமிங் ஹெட்செட்டுக்கு எந்த ரகமும் தாராளம். குறை என்றால், ஆண்ட்ராய்டு போனில் மாட்டினால் வால்யூம் பரிதாபமாக இருக்கும். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி பின் இருக்கிற ஹெட்செட்டுக்கு இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு இணைப்பான் வாங்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது கேம். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை, அதற்குத்தான் '7.1' ஹெட்செட் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அந்த வகை ஹெட்செட் பெரும்பாலானவற்றில் ஒரு காதுக்கு ஒரு ஸ்பீக்கர், மொத்தம் இரண்டுதான். ஏழும் ஒன்றும் மென்பொருளில் இருக்கிறது. சத்தம் இடது காதுக்கு முதலிலும் வலது காதுக்கு நூலிழை தாமதமாகவும், தலையும் காது மடலும் தடுத்து மாற்றிய தொனியோடும் வந்து சேருவதைக் கணக்கிட்டு மூளையை ஏமாற்றுகிற வித்தை அது, எச்ஆர்டிஎஃப் என்பார்கள். வேலரன்ட் அமைப்புகளில் ஆடியோ பக்கத்தில் அதே பெயரில் ஒரு பொத்தான் இருக்கிறது, கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் அந்த வேலையை கேமே செய்துகொள்கிறது. சத்தம் எங்கிருந்து கிளம்பியது என்று கேமுக்குத்தான் துல்லியமாகத் தெரியும், அதனால் அதைச் செய்ய அதுவே தகுதியான ஆள். அதற்கு மேல் ஹெட்செட்டின் 7.1-ஐயும் விண்டோஸிலேயே வருகிற சோனிக் என்ற சரவுண்டையும் சவுண்ட் கார்டின் சரவுண்டையும் போட்டால் காய்ச்சிய ரசத்தில் மறுபடி புளியைக் கரைத்து ஊற்றின கதைதான். முன்னால் நடப்பவனும் பின்னால் நடப்பவனும் ஒரே கூழாகக் கேட்பார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாதா ஸ்டீரியோவில், கேமின் பொத்தானை மட்டும் போட்டு ஒரு ராத்திரி ஆடச் சொன்னேன். காலையில் ஒற்றை வரி மெசேஜ்: "மாடிப்படி தெரியுதுண்ணா." சீட்டின் இரண்டாவது வரியும் போனது.

ஆனால் அவன் பாடுகிறவன், கீபோர்டு வாசிக்கிறவன். அங்கேதான் மேலே சொன்ன மூன்றும் தடுமாறும். கீபோர்டை யூஎஸ்பியில் மாட்டி, கம்ப்யூட்டருக்குள் ஒரு பியானோ மென்பொருளைத் திறந்து கட்டையை அழுத்தினான். விரல் கீழே போய் முட்டிய பிறகுதான் சத்தம் வந்தது. மெதுவான பாட்டில் சமாளிக்கலாம், துரித காலத்தில் விரல் ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். கணக்கு எளிது. ஒலியைக் கம்ப்யூட்டர் பொட்டலம் பொட்டலமாகத்தான் அனுப்பும். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 ஒலி மாதிரி எடுக்கும்போது, 512 மாதிரிகள் கொண்ட பொட்டலம் என்றால் 10.7 மில்லி செகண்ட், 128 என்றால் 2.7. ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் ஆகும். ஆக 2.7 என்பது ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற மாதிரி, அதை யாரும் உணர மாட்டார்கள். விண்டோஸின் வழக்கமான பாதையில் பொட்டலங்கள் பெரிது, நடுவில் மிக்ஸர் வேறு. இதைத் தாண்டத்தான் ஸ்டெய்ன்பெர்க் 1997-ல் ஆசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. மதர்போர்டு ஆடியோவில் ஆசியோ4ஆல் என்ற இலவச மென்பொருளைப் போட்டு ஒப்பேற்றலாம், கற்றுக்கொள்ளும் காலத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஆனால் பொட்டலத்தைச் சுருக்கச் சுருக்க டிக் டிக் என்று வெடிக்க ஆரம்பிக்கும். புளூடூத் ஹெட்போனில் வாசிக்க நினைக்கவே வேண்டாம்.

நான்காவது ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் மாட்டி யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைக்கிற வெளிப்பெட்டி. அதில் சொந்த ஆசியோ டிரைவர் வருகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெஹ்ரிங்கரின் யூஎம்2 மிக மலிவு, ஆனால் அதற்கென்று தனி ஆசியோ டிரைவர் கிடையாது, அங்கேயும் ஆசியோ4ஆல்தான், 48 கிலோஹெர்ட்ஸோடு நிற்கும். அதே நிறுவனத்தின் யூஎம்சி202எச்டி 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், இரண்டு மைக், சொந்த டிரைவர். காசுக்கு இதில்தான் சத்து அதிகம் என்பது என் எண்ணம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இன்னும் கொஞ்சம் பாந்தமானது, கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட், ஒரு மைக், கிட்டாரோ வயலினில் ஒட்டுகிற கான்டாக்ட் மைக்கோ மாட்ட தனி இன்புட். ஆனால் விலை பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், மைக்குக்குக் காசு மிஞ்சாது. இவற்றில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தானும் உண்டு. பாடுகிறவரின் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலேயே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், தாமதமே கிடையாது. பாடுகிறவருக்கு 192 கிலோஹெர்ட்ஸைவிட இது பத்து மடங்கு முக்கியம்.

இன்டர்ஃபேஸில் கேம் ஆடலாமா? தாராளமாக. 5.1 ஸ்பீக்கர் மட்டும் இந்த வகைப் பெட்டியில் நடக்காது. ஸ்ட்ரீம் செய்கிறவர்களுக்கு ஒரு சின்ன வில்லங்கம் வரலாம்: முதல் இன்புட் மைக்கை இடது காது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் குரல் போகும். ஓபிஎஸ் என்ற ஸ்ட்ரீம் மென்பொருளில் மோனோ என்ற கட்டத்தை டிக் செய்தால் தீர்ந்தது. இன்னொன்று, பவர் உள்ள ஸ்பீக்கரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், ரீங்காரம் நின்றால் அது எர்த் சமாச்சாரம். எல்லா பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி, பின்னில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள பேலன்ஸ்டு ஒயர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை உடைத்து எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கடைசியில் தம்பி யூஎம்சி202எச்டியும், மிச்சக் காசுக்கு ஒரு டைனமிக் மைக்கும் வாங்கினான். கண்டென்சர் வேண்டாம் என்றது நான்தான், அது சுற்றியுள்ள சின்னச் சத்தத்தையும் இழுத்துக்கொள்ளும், அவன் அறையில் சீலிங் ஃபேனை நிறுத்த முடியாது. பழைய ஹெட்செட் அப்படியே இருக்கிறது. போன வாரம் போன் செய்து, பாட்டு சுத்தமாகப் பதிவாகிறது, கேமும் நன்றாகக் கேட்கிறது, ஆனால் காலை ஏழு மணிக்குப் பாடினால் பின்னால் மிக்ஸி ஓடுவது மட்டும் வருகிறது, அதற்கு என்ன அமைப்பு மாற்ற வேண்டும் என்று கேட்டான். சித்தியிடம் போனைக் கொடு என்றேன்.