டோன்ஆர்முக்குப் பணம் கட்டும் முன் இரண்டு எண்களைக் கேளுங்கள்

டர்பன் பக்கம் நம் ஆட்கள் பலர் பழைய ரெக்கார்டுகளைத் தூசி தட்டி மறுபடி போட ஆரம்பித்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். கூடவே இதை வைத்துப் பணம் பார்க்கிறவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் ஒரு டோன்ஆர்முக்கு, அதாவது ரெக்கார்டின் மேல் ஊசியைத் தாங்கிச் செல்லும் கைக்கு, 18,000 ராண்ட் கொடுத்து ஏமாந்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது ரேகா டர்ன்டேபிள், அதனுடன் வந்த கை, கையின் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ். தாத்தா அந்தக் காலத்தில் கிரே தெருவில் வாங்கிய நாதஸ்வர எல்பிகள்தான் முக்கியம். டர்பன் வெயிலில் பாதி ரெக்கார்டுகள் லேசாக வளைந்திருக்கின்றன. இதையெல்லாம் கடைக்காரரிடம் முதலிலேயே சொன்னேன். “அண்ணா, இந்தக் கை பிள்ளைங்க விளையாடுறது. நம்ம ஆளுன்னுதான் சொல்றேன், கனமான ஜப்பான் கை போடுங்க, வித்தியாசம் தெரியும்” என்றார். வித்தியாசம் தெரியத்தான் செய்தது. பாட்டே இல்லாத இடத்திலும் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே வெளியே என்று மூச்சு வாங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் கடைசி உருப்படியில் நாதஸ்வரம் தகரத்தைக் கிழிப்பது போல் கேட்டது.

போய்க் கேட்டால் ஒரே பதில்: “நூறு மணி நேரம் ஓடட்டும் அண்ணா, பழகிடும்.”

பழகாது. காரணம் இதுதான். கையின் செயல்நிறையும் (கை அசையும்போது ஊசி உணரும் கனம்) கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கும் என்பது) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதற்குக் கீழே போனால் ரெக்கார்டின் வளைவுக்கெல்லாம் கை ஆட ஆரம்பிக்கும். கணக்கு எளிது: கையின் செயல்நிறையையும் கார்ட்ரிட்ஜின் எடையையும் கூட்டி, நெகிழ்வால் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுக்க வேண்டும். 2எம் ரெட் 7.2 கிராம், நெகிழ்வு 20. என் பழைய கை சுமார் 11 கிராம். விடை 8.3 ஹெர்ட்ஸ். புதிய கை 25 கிராம் என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. விடை 6.3. நூறு மணி நேரம் என்ன, ஆயிரம் மணி நேரம் ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதைவிட மோசம் இன்னொன்று. ரேகா கைக்கு, தட்டு நடுவில் இருக்கும் அச்சிலிருந்து கை திரும்பும் புள்ளி வரை உள்ள பொருத்தும் தூரம் 222 மில்லிமீட்டர். புதிய கை 215-க்குச் செய்தது. கடைக்காரர் பழைய துளையிலேயே மாட்டிவிட்டார். ஊசி நடு அச்சைத் தாண்டி முன்னால் நீள வேண்டிய அளவில் 7 மில்லிமீட்டர் குறைந்துவிட்டது. கார்ட்ரிட்ஜை நகர்த்தும் பள்ளத்தில் அவ்வளவு இடம் கிடையாது. கோணம் தவறினால் முதலில் அடிபடுவது உள்வட்டம். கடைசி உருப்படி ஏன் கிழிந்தது என்று இப்போது புரிகிறதா?

விலை உயர்ந்த கைகளே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆட்டமில்லாத பேரிங், விறைப்பான குழாய் இரண்டுக்கும் காசு கொடுக்கலாம். ஆனால் ரேகா 1983-இல் ஒரே வார்ப்பாகக் குழாயைச் செய்து ஆர்பி300 என்று சாதாரண விலையில் விற்றது. வேறு நிறுவனங்களும் அதை வாங்கித் தங்கள் டர்ன்டேபிளில் மாட்டின. அந்தத் தரத்தில் ஒரு கை ஏற்கெனவே இருந்தால், மிச்சப் பணம் நல்ல ஊசிக்குப் போவதே மேல் என்பது என் கருத்து.

அந்த “நூறு மணி நேரம்” பேச்சில்தான் சூட்சுமம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளைக் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். வாரத்துக்கு ஓரிரு எல்பி கேட்கிறவருக்கு நூறு மணி நேரம் முடிவதற்குள் அந்த ஆறு மாதம் ஓடிவிடும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அந்த உரிமை போகாது. ஆனால் வியாபாரம் செய்யாத தனி ஆளிடம் வாங்கினால் இந்தச் சட்டம் உதவாது.

ஆகவே பணம் கட்டும் முன் செயல்நிறை, பொருத்தும் தூரம் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் கார்ட்ரிட்ஜ் பெயரையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். என்ன வேலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. மாட்டிய பிறகு ஸ்கேல் வைத்து அந்தத் தூரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பிய அந்தப் படத்துக்குப் பிறகுதான் கடைக்காரர் பாதிப் பணம் தருவதாக இறங்கி வந்திருக்கிறார். மீதிக்கு நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் மனு போட்டிருக்கிறேன்.