தங்கமும் கடற்கரையும்: எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

மெல்பேர்னில் மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கும் பலருக்கும் இரண்டு ஆசை சேர்ந்தே இருக்கும். பல்லாரட், மேரிபரோ, டனோலி போன்ற தங்க வயல் ஊர்ப் பக்கம் போய்க் கையால் ஒரு தங்கக் கட்டியை எடுத்துவிட வேண்டும். மற்ற வார இறுதிகளில் பிள்ளைகளோடு கடற்கரையில் காசு, மோதிரம் என்று எதையாவது தேட வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரே கருவி போதுமா?

நான் மூன்றைப் பார்த்து மைன்லேப் எக்வினாக்ஸ் 900 வாங்கினேன். விட்ட இரண்டும் மைன்லேப் என்ற அதே அடிலெய்டு கம்பெனியின் கருவிகள்தான்: கோல்டு மான்ஸ்டர் 1000, ஜிபிஎக்ஸ் 6000. நோக்டா என்ற வேறு கம்பெனியின் லெஜண்ட், எக்வினாக்ஸுக்கு நேர்ப் போட்டி என்பார்கள். அதை நான் வீசிப் பார்த்ததில்லை (வீசுவது என்றால் மண்ணுக்கு மேல் இடவலமாக ஆட்டித் தேடுவது) என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கத்தை மட்டும் காட்டும் டிடெக்டர் என்று ஒன்று கிடையாது. ஆன்டெனா நீட்டிக்கொண்டு, அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதையலைக் காட்டும் என்று யூடியூபில் விற்கிறார்களே, அதற்கும் இந்த அலசலுக்கும் சம்பந்தமில்லை. அதை வாங்குவதற்குப் பதில் அந்தக் காசுக்கு நகைக்கடையிலேயே தங்கம் வாங்கிவிடலாம்.

எடை, விலை, பேட்டரி எல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார், எனவே சுருக்கமாக. எக்வினாக்ஸும் மான்ஸ்டரும் 1.3 கிலோ அளவில் இருக்கும். ஜிபிஎக்ஸ் 2.1 கிலோ. அரை நாள் வீசினால் அந்த வித்தியாசத்தைத் தோள் சொல்லும். விலையில் முதல் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை. ஜிபிஎக்ஸ் மட்டும் அவற்றைப் போல ஐந்து மடங்கு, அதற்கும் மேல்.

இனி மண்ணுக்கு வருவோம். கருவியைத் தேர்ந்தெடுப்பது மண்தான் என்பது என் கட்சி.

டிடெக்டரின் நுனியில் இருக்கும் ‘காயில்’ என்ற கம்பிச் சுருள் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்சுழல் உண்டாகி, அது தனக்கென்று ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். கருவி கேட்பது இந்தப் பதிலைத்தான். சிக்கல் என்னவென்றால், தங்கம் இருக்கும் ஊர்களில் மண்ணும் சேர்ந்து பதில் சொல்லும். விக்டோரியாவின் தங்க வயல்களில் பல இடங்களில் செம்மண்ணிலும் சரளையிலும் மேக்னடைட், மேக்ஹமைட் போன்ற இரும்பு ஆக்சைடுகள் கலந்து கிடக்கின்றன. சில கற்கள் தனியாகவே உலோகம் மாதிரிக் கத்தும். ‘ஹாட் ராக்’ என்று இங்கே திட்டுவார்கள்.

எக்வினாக்ஸும் மான்ஸ்டரும் விஎல்எஃப் (வெரி லோ ஃப்ரீக்வென்சி) வகை. இவை அனுப்பிக்கொண்டே கேட்பவை. அதனால் மண்ணின் சத்தம் எந்நேரமும் உள்ளே வந்துகொண்டிருக்கும். கிரவுண்ட் பேலன்ஸ் என்பது அந்தச் சத்தத்தை அளந்து கழித்துவிடும் வேலை. மண் ஒரே சீராக இருந்தால் இந்தக் கழித்தல் சுத்தமாக நடக்கும். அடிக்கு அடி மண் மாறினால் கழித்தது போக ஒரு மிச்சம் நிற்கும். ஆழத்தில் கிடக்கும் சிறு கட்டியின் சிக்னல் அந்த மிச்சத்தைவிடச் சின்னது. காது வலிக்கிறதே என்று சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் ஆழமும் கூடவே போய்விடும்.

ஜிபிஎக்ஸ் 6000 பல்ஸ் இண்டக்‌ஷன் வகை, சுருக்கமாக பிஐ. அது ஒரு துடிப்பை அனுப்பும், நிறுத்தும், பிறகுதான் கேட்கும். நிறுத்திய அந்த மைக்ரோ விநாடிகளில் மண்ணின் பதில் பெரும்பாலும் அடங்கிவிடும். தங்கத்துக்குள் ஓடும் மின்சுழல் அடங்க இன்னும் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியில் கேட்பதால்தான், விஎல்எஃப் திணறும் மண்ணிலும் பிஐ அதிகம் ஆழம் இழக்காமல் ஓடுகிறது. கம்பெனி மாறினாலும் இந்த வித்தியாசம் மாறாது. மைன்லேப் வைத்திருப்பவரும் போட்டிக் கம்பெனியான காரெட் வைத்திருப்பவரும் டீக்கடையில் எவ்வளவு சண்டை போட்டாலும், இரும்பு கலந்து கத்தும் ‘சூடான’ மண்ணில் நல்ல விஎல்எஃபைவிட நல்ல பிஐ ஆழம் போகும் என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போவார்கள்.

அப்படியானால் பிஐ வாங்க வேண்டியதுதானே? தங்கம் மட்டும்தான் என்றால் ஆமாம். காசு இருந்தால் ஜிபிஎக்ஸ் 6000 எடுங்கள், மேற்கொண்டு படிக்க வேண்டாம். நண்பருடையதை மேரிபரோ பக்கம் கடன் வாங்கி வீசியிருக்கிறேன். என் எக்வினாக்ஸ் புலம்பிய அதே சரிவில் அது அமைதியாக ஓடியது. சொந்தமாக வைத்துப் பழகியதில்லை என்பதால் இதற்கு மேல் பெருமை பேச எனக்குத் தகுதியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லி பக்கம் தேடுகிறவர்கள் பிஐயைத்தான் நம்புகிறார்கள். அந்த மண்ணை நான் மிதித்ததில்லை.

ஆனால் ஜிபிஎக்ஸ் 6000 இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. தங்க வயலில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம், அங்கே எப்படியும் எல்லாவற்றையும் தோண்டத்தான் வேண்டும். அதே கருவியைச் செயின்ட் கில்டா கடற்கரையில் வைத்து யோசித்துப் பாருங்கள். ஹேர்பின், பீர் மூடி, துருப்பிடித்த ஆணி என்று எல்லாமே நல்ல சிக்னல். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் மணல்வீடு கட்டப் போய்விடுவார்கள்.

இங்கேதான் எக்வினாக்ஸ் என்னை இழுத்தது. ஒரே அதிர்வெண்ணில் ஓடும் கருவிக்கு ஈர மணல் பெரிய தலைவலி. உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்தும், அதனால் கடலே ஒரு பெரிய உலோகத் துண்டு போலப் பதில் சொல்லும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பினால் உப்பின் பதிலையும் உலோகத்தின் பதிலையும் ஒப்பிட்டுப் பிரிக்க முடியும். எக்வினாக்ஸ் செய்வது இதைத்தான். தண்ணீருக்குள் 5 மீட்டர் வரை முழுக் கருவியையும் இறக்கலாம். திரையில் ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு எண் வரும். இரண்டு டாலர் காசு எந்த எண்ணில் வரும், அலுமினியத் தாள் எந்த எண்ணில் வரும் என்பது கொஞ்ச நாளில் காதுக்கே பழகிவிடும்.

இதே எக்வினாக்ஸைத் தங்க வயலுக்கு எடுத்துப் போகும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். முதலில், மாடல். கோல்டு மோட் 900இல் உண்டு, 700இல் கிடையாது. விலையைப் பார்த்து 700ஐத் தூக்கிவிடாதீர்கள். அடுத்து, காயில். பெட்டியில் 11 அங்குலமும் 6 அங்குலமும் வரும். தங்கத்துக்குச் சின்னதைப் போடுங்கள். ஒரு நேரத்தில் கொஞ்சம் மண்ணையே பார்ப்பதால் மண் சத்தம் குறையும், பொடிக் கட்டிக்கும் கூர்மை கூடும். பெரிய காயில் போட்டு ஆழமாகப் பிடிக்கிறேன் என்று இறங்கினால் சூடான மண்ணில் சத்தம்தான் கிடைக்கும்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். கடற்கரையில் தெய்வ வாக்காக இருந்த அந்த எண்களை இங்கே நம்பக்கூடாது. தங்கத்துக்கென்று தனி எண் கிடையாது. அரிசி அளவுக் கட்டி அலுமினியத் தாளின் எண்ணில் வரும். கொஞ்சம் பெரியது டின் வளையத்தின் எண்ணிலோ ஈயக் குண்டின் எண்ணிலோ வரும். அதற்கு மேல், இரும்பு கலந்த மண்ணில் ஆழமாகக் கிடக்கும் சிறு கட்டியின் எண் இரும்புப் பக்கமே சரிந்துவிடும். இரும்பை மறைக்கும் வசதியைப் போட்டுக்கொண்டு நடந்தால், தங்கத்தையும் சேர்த்தே மறைத்துவிட்டு நடக்கிறீர்கள். நான் அதை முழுக்க அணைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் தேடுகிறேன். மேல் மண்ணை ஒரு சுரண்டு சுரண்டியதும் சிக்னல் இன்னும் கூர்மையானால் பிக்காசை எடுக்க வேண்டியதுதான். பிக்காசின் தலையில் ஒரு காந்தம் ஒட்டிவைத்தால் ஆணிகளை அதுவே பொறுக்கிவிடும்.

கோல்டு மான்ஸ்டரையும் மட்டமாகச் சொல்லிவிட முடியாது. 45 கிலோஹெர்ட்ஸ் என்பது பொடித் தங்கத்துக்கு ஏற்ற உயர் அதிர்வெண். கிரவுண்ட் பேலன்ஸை அதுவே பார்த்துக்கொள்ளும், பொத்தான்கள் குறைவு. புதிதாகத் தொடங்குபவர் வாங்கிய அன்றே வயலில் இறங்கலாம், எக்வினாக்ஸைப் புரிந்துகொள்ளப் பல வார இறுதிகள் வேண்டும். ஆழம் குறைந்த பாறைப் படுகைகளில் அரைக் கிராமுக்கும் கீழான துணுக்குகளைத் தேடுவதுதான் உங்கள் ஆசை என்றால் மான்ஸ்டரே சரி. ஆனால் அதன் காயில்தான் தண்ணீர் தாங்கும், கண்ட்ரோல் பெட்டி தாங்காது. ஈர மணலிலும் ஓயாமல் கத்தும். அதனால் கடற்கரைக்கு இன்னொரு கருவி வேண்டியிருக்கும்.

ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விக்டோரியாவின் மோலியாகுலில் 1869 பிப்ரவரியில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் எடுத்த ‘வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்’ கட்டி மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டரில்தான் கிடந்தது. 1980இல் கிங்கோவரில் டிடெக்டரால் கிடைத்த ‘ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்’ 27 கிலோ. அந்த அளவுக் கட்டி எந்தக் கருவிக்கும் கேட்கும். நமக்கு வாய்ப்பது பெரும்பாலும் ஒரு கிராமுக்கு உட்பட்ட துணுக்குதான். நிறைய பேர் பலமுறை தேடிய இடத்தில், மற்றவர்களின் கருவி எட்டாத ஆழத்தில் மிஞ்சியதைத்தான் நாம் தேடுகிறோம். பிஐக்காரர்கள் பெருந்தொகை கொடுப்பது அந்தக் கடைசி ஒரு சாணுக்காக. என் வார இறுதிகளில் பெரும்பகுதி கடற்கரையிலும் பூங்காவிலும் கழிவதால் அந்த ஒரு சாணுக்கு அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லை.

எந்தக் கருவியானாலும் விக்டோரியாவில் தங்கம் தேட ‘மைனர்ஸ் ரைட்’ என்ற உரிமம் எடுக்க வேண்டும். கட்டணம் சொற்பம், 10 ஆண்டு செல்லும், கிடைக்கும் தங்கம் உங்களுடையது. தேசியப் பூங்காக்களில் அனுமதித்த பகுதிகள் தவிர வேறெங்கும் தேடக்கூடாது. கைக்கருவி மட்டும்தான், தோண்டிய குழியை மூடியே ஆக வேண்டும். கோடையில் பாம்பு நடமாட்டம் அதிகம், குளிர்காலமே நல்லது.

செகண்ட் ஹேண்டில் ஜிபிஎக்ஸ் வரிசை நல்ல விலைக்குப் போகிறது, வாங்கி விற்றாலும் பெரிதாகக் கை கடிக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது, ஆனால் முதலில் அவ்வளவு பணத்தைப் புரட்டியாக வேண்டும். மைன்லேப் பிஐ கருவிகளுக்குப் போலிகளும் சந்தையில் உலவுவதால், சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். நான் யோசிப்பது வேறு வழி. தங்க வயல் பகுதிக் கடைகள் சில பிஐ கருவிகளை வாடகைக்குத் தருகின்றன. எக்வினாக்ஸைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, நீண்ட வார இறுதி வந்தால் ஒரு பிஐயை வாடகைக்கு எடுத்து, ஒரே சரிவில் இரண்டையும் மாற்றி மாற்றி வீசிப் பாருங்கள். உங்கள் மண்ணுக்கு அந்தக் கூடுதல் காசு தேவையா என்பது ஒரு பகலில் தெரிந்துவிடும்.