மோசமான கிரெடிட் ஸ்கோரோடு எடுத்த கார் லோன்: 57 மாத அனுபவம்

போன மாதம் கடைசித் தவணையைக் கட்டினேன். 60 மாதக் கடன், 57 மாதத்தில் முடிந்தது. லோன் எடுத்த சமயத்தில் என் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காக அடைக்கிறோமா என்பதற்கான மதிப்பெண், அடிமட்டத்தில் இருந்தது. வேலை இல்லாத காலத்தில் இரண்டு கிரெடிட் கார்டுகளுக்குப் பணம் கட்ட முடியவில்லை. அதில் ஒன்று, பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிப் பேசி முடித்த (settled) கணக்காகப் பதிவாகியிருந்தது. அதே நிலையில் இருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கார் பார்க்கப் போகும் முன் என் கிரெடிட் அறிக்கையை எடுத்து வரி வரியாகப் படித்தேன். எப்போதோ அடைத்துவிட்ட ஒரு சின்னக் கடன் இன்னும் பாக்கி என்றே அதில் கிடந்தது. ரசீதோடு புகார் கொடுத்தேன், ஒன்றரை மாதத்தில் திருத்தினார்கள். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இங்கொன்றும் அங்கொன்றுமாக விண்ணப்பித்துக்கொண்டே இருந்தால்தான் அடி விழும்.

அப்புறம் விற்பனையாளர். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மாதம் எவ்வளவு கட்டுவீங்க?” நான் ஒரு தொகை சொன்னேன். கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, ஒரு தாளில் அதைவிடக் குறைந்த தவணையை எழுதி வட்டம் போட்டு என் பக்கம் தள்ளினார். மனசு அப்படியே அதன் பக்கம் சரிந்தது. எத்தனை மாதம் என்று கேட்டபோதுதான் 84 என்றார். 18 சதவீத வட்டியில் 100 கடன் வாங்கி 36 மாதத்தில் அடைத்தால் வட்டி சுமார் 30. அதே கடனை 84 மாதத்துக்கு இழுத்தால் வட்டி மட்டும் 77 அளவுக்கு வருகிறது. அந்தத் தாளில் மொத்தத் தொகை எங்கேயும் இல்லை. நானே எழுதச் சொல்லி வாங்கினேன்.

இன்னோர் இடத்தில் “வெறும் 10 சதவீதம்தான்” என்றார்கள். அது பிளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டி குறையாமல், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி வரை வட்டி போடுவார்கள். ஐந்து வருடக் கடனுக்கு அந்த 10, குறையும் அசல் கணக்கில் 17-க்கும் மேல். ஸ்கோர் குறைந்தவர்கள் ‘யாராவது கொடுத்தால் போதும்’ என்ற மனநிலையில் இருப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்: பிளாட்டா, குறையும் அசலா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைசியில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார், விலையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதிக்கு 18 சதவீதத்தில் குறையும் அசல் கணக்கில் கடன். முன்பணம் சேர்க்கவே எட்டு மாதம் ஆனது. வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாகிவிடக் கூடாது என்றுதான் அவ்வளவு முன்பணம் போட்டேன். அப்படி அதிகமாகிவிட்டால் வண்டியை விற்றாலும் கடன் தீராது. கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்த கூடுதல் வாரண்டியை வேண்டாம் என்றேன். எடுத்திருந்தால் அதற்கும் 18 சதவீத வட்டி.

முதல் தவணையில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது. இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் கட்டிய பிறகு கணக்குப் பார்த்தேன். கடன் 100 என்றால் கட்டியது 61, அசல் பாக்கி இன்னும் 70. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த 24 தவணைகள் என் ஸ்கோரைத் தூக்கிவிட்டிருந்தன. வேறொரு நிறுவனம் 12 சதவீதத்துக்குக் கடனை மாற்றித் தர ஒத்துக்கொண்டது. பழைய ஒப்பந்தத்தில் முன்கூட்டி அடைக்கக் கட்டணம் இல்லை; ஆரம்பத்திலேயே அதைப் பார்த்து வைத்தது இப்போது கைகொடுத்தது. புதுத் தவணை குறைவுதான், ஆனாலும் பழைய தொகையையே கட்டி வந்தேன். மூன்று மாதம் மிச்சமானது அப்படித்தான்.

வண்டி நன்றாக ஓடுகிறது. ஒரு பேட்டரி, நான்கு டயர், பிரேக் பேட், அவ்வளவுதான் செலவு. வாங்கும் முன் விற்றவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வைத்துப் பார்த்தது நல்லதாயிற்று.

கடன் தீர்ந்த கடிதம் வந்துவிட்டது. பதிவு ஆவணத்தில் கடன் நிறுவனத்தின் பெயரை நீக்க விண்ணப்பித்திருக்கிறேன். இதை விட்டுவிட்டால் பின்னால் விற்கும்போது சிக்கல். அடுத்த மாதம் கிரெடிட் அறிக்கையையும் எடுத்து, இந்தக் கணக்கு முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.